இந்திராதேவியின் பின்சுவர்

பால்காரர் ஊற்றிவிட்டுப் போகும் பாலை இந்திராதேவி முதலில் பூனைக்கு வைப்பார். பூனை நக்கினால் பால் அடுப்பில் ஏறும். முகர்ந்துவிட்டு நகர்ந்தால் மறுநாள் பால்காரருக்கு விசாரணை. பூனைக்குப் பசி இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். "பால்காரனுக்கு நீங்க சொந்தமா?" என்று கேட்டார். அன்றோடு பூனையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

அவருடைய கணவர் வீரபத்திரன் முதலாளியைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்குப் போனவள் நான். தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிப்பதற்கான பயிற்சியைக் கொழும்பில் முடித்தேன். அந்த வேலைக்கு வயது தடையில்லை, முதுகு ஒத்துழைத்தால் போதும். முதலாளிக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்திருந்தது. பேச்சு குழறும், புத்தி தெளிவு. அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, கஞ்சியைப் புரையேறாமல் ஊட்டுவது, முதுகில் புண் வராமல் பார்ப்பது என் வேலை. நான் ஊட்டும் கஞ்சியையும் இந்திராதேவி ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடு சரியாக இருக்கிறதா என்று இன்னொருவர் பார்ப்பது நல்லதுதான்.

கடை, ராகலை பஸ்கள் நின்று போகும் ஒரு சின்ன பஜாரில் இருக்கிறது. மலையை வெட்டி வரிசையாகக் கட்டிய கடைகள். முன்னால் வீதி, பின்னால் மண். கீழே பலசரக்கு வியாபாரம், மேலே குடியிருப்பு. வெட்டிய மண்ணையொட்டி எழுப்பிய கருங்கல் பின்சுவருக்குள்தான் மாடியின் பலகைத் தளத்தைத் தாங்கும் உத்தரங்களைச் செருகியிருந்தார்கள். மாடியில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். வீதிப் பக்க அறையில் சாமிப் படங்களும் டீவியும். நடு அறையில் முதலாளியின் கட்டில். பின்சுவரோடு ஒட்டிய கடைசி அறை எப்போதும் பூட்டியிருக்கும். அதன் சாவி இந்திராதேவியின் இடுப்பில் தொங்கும்.

கடையின் உண்மையான சரக்கு அந்த அறையில்தான் இருந்தது. சீனி, பருப்பு, அரிசி, கோதுமை மா எல்லாம் மூட்டை மூட்டையாக. கீழே தட்டுகளில் இருந்தது பார்வைக்கு வைத்த கொஞ்சம்.

அதற்குக் காரணம் இருந்தது. எண்பத்து மூன்றில் இந்திராதேவி தாவணி போடும் வயதுப் பெண். அவருடைய அப்பாவுக்கு வேறொரு ஊரில் கடை. இனக் கலவரம் வந்தபோது குடும்பம் மாடியில் ஒளிந்துகொண்டது. கீழே சாமானை அள்ளியவர்கள், எந்தத் தட்டில் எது இருக்கும் என்று கேட்காமலே எடுத்தார்கள். தினமும் வந்து வாங்கியவர்கள்தானே. போகும்போது தீ வைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டதால் மாடி தப்பியது. மாடியில் கிடந்த அரிசி மூட்டைதான் அடுத்த நாட்களுக்குச் சோறு போட்டது. கீழே இருப்பது ஊருக்கு, மேலே இருப்பது நமக்கு என்று அன்று அவர் முடிவு செய்தார். கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்த பிறகும் அந்த முடிவு மாறவில்லை. சாமான் தட்டுப்பாட்டு வருஷங்கள் அதை இன்னும் உறுதியாக்கின. பஜாரில் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பெருமழை ஒன்றில் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. அதற்குப் பிறகு பிரதேச சபை, மலைப்பக்கம் நிற்கும் பழைய கட்டடங்களைப் பார்த்து அறிவித்தல் கொடுக்கத் தொடங்கியது. கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலி அடைத்திருந்தால் அதற்கு ஒன்று, மழைநீர்க் கானில் குப்பை நின்றால் அதற்கு ஒன்று, சுவர் வெடித்திருந்தால் அதற்கு ஒன்று. இந்திராதேவிக்கு மூன்றும் வந்தன. அறிவித்தல் இரண்டு மொழியிலும் இருந்தது. சிங்களத்தில் வேறு ஏதாவது போட்டிருப்பார்களோ என்று பேக்கரியில் ஒருமுறை, மருந்துக்கடையில் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே மாதிரி வாசித்ததும் அவர்கள் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று யோசித்தார்.

பிறகு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பிரதீபன் நேரில் வந்தார். இளம் வயது, மழைக்கோட்டு, கையில் ஒரு பை.

"யாரு பெட்டிஷன் போட்டது?" இந்திராதேவியின் முதல் கேள்வி அதுதான்.

"இந்த வரிச முழுக்கப் பாக்குறோம்மா."

"பக்கத்துக் கடையப் பாத்தீங்களா?"

"அது நாளைக்கு."

"ஆங். எங்களுக்கு இன்னைக்கு, அவருக்கு நாளைக்கு." பக்கத்துக் கடை சிவசாமியுடையது, ஜவுளி வியாபாரம். "தம்பிக்கு எந்த ஊரு?"

"கொட்டகலைங்க."

"கொட்டகலைல யாரு மகன்?"

"சுவரக் காட்டுங்கம்மா, மழை வருது."

வெடிப்பு கடையின் பின்பகுதியில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. தரையிலிருந்து மேல் நோக்கி, கை நுழையாது, விரல் நுழையும். பிரதீபன் டோர்ச் அடித்துப் பார்த்தார். மாடிக்கு வந்து, பூட்டியிருந்த அறையின் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இதத் திறங்கம்மா."

"சாவி இல்ல. மகன் கொண்டுபோயிட்டான்."

"மகன் எங்க?"

"கனடாவுல."

"உள்ள பாரமா ஏதும் வெச்சிருக்கீங்களா?"

"பழைய பாய், தலகாணி. என்ன பாரம்?"

நான் அவருடைய இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிரதீபன் எங்கள் இருவரையும் பார்த்தார். "அடுத்த தடவ வரும்போது திறந்து வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

பையிலிருந்து விரல் அகலத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை எடுத்தார். வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளிலும் சாந்து பூசி ஒட்டினார். கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று.

"இது என்னத்துக்கு?"

"சுவரு அசைஞ்சா கண்ணாடி ஒடையும். ஒடையலன்னா வெடிப்பு பழசு. பூசிட்டு, பீலிய மாத்தி, கான சுத்தம் பண்ணுனா போதும், இருந்துக்கலாம். ஒடைஞ்சிருச்சுன்னா மேல குடியிருக்க விட மாட்டோம்மா. உள்ள ஒரு நோயாளி வேற இருக்காரு."

அவர் போன பிறகு இந்திராதேவி படியில் உட்கார்ந்துகொண்டார். "இவரு பொறந்த வீடு இது. இவர இதுலருந்து வேற எங்கயும் தூக்கிட்டுப் போக மாட்டேன். யாரு வந்தாலும் சரி" என்றார். என்னிடம் சொன்னாரா, சுவரிடம் சொன்னாரா தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாக் காரியமும் அந்த மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சுற்றியே நடந்தது.

கல்லாவைப் பின்பக்கம் பார்த்தபடி திருப்பிப் போட்டார். வாடிக்கையாளருக்கு முதுகும் கண்ணாடிக்கு முகமுமாக வியாபாரம் செய்தார். கடைக்குள் யாரும் ஒதுங்கக் கூடாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்தித் தானே உருட்டிக்கொண்டு போனார். சிவசாமி மீதுதான் முழுச் சந்தேகமும். இரண்டு கடைகளையும் ஒன்றாக்கிப் பெரிய ஜவுளிக்கடை போட வேண்டும் என்று அவர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி, அண்ணி என்று மரியாதையாகத்தான் கேட்பார். அந்த மரியாதைதான் இந்திராதேவிக்குப் பிடிக்கவில்லை.

"விக்க மாட்டேன்னு சொல்லியும் ஒருத்தன் சிரிச்சிட்டுப் போறான்னா என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார்.

"சிரிப்பு வந்திருக்கும்" என்றேன்.

"நீங்க எல்லாரையும் நம்புற ஆளு மீனம்மாக்கா. அதான் இந்த வயசுல அடுத்த வீட்டுல வேல செய்யுறீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. சம்பளம் ஒழுங்காகக் கொடுப்பவர் எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் பஜார் மூடியிருந்தது. அன்று மத்தியானம் மூட்டை தூக்கும் நாட்டாமை செல்லசாமியை வரவழைத்தார். கீழே கடையின் உட்பகுதியில் இருந்த சரக்கையும் மேலே ஏற்றச் சொன்னார். "திடீர்னு வந்து சீல் வெச்சுட்டாங்கன்னா கீழ இருக்கிறது போச்சு. மேல வீட்டு சாமான்னு சொல்லி எடுத்துக்கலாம்" என்பது அவருடைய கணக்கு. செல்லசாமி படியேறி இறங்கி, பின் அறையில் உச்சி வரைக்கும் அடுக்கினார்.

"பலகை முனகுது முதலாளியம்மா" என்றார் அவர்.

"நீ முனகாம தூக்கு."

நான் முதலாளியின் முதுகுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். பின் அறைத் தளத்தில் ஒவ்வொரு மூட்டையும் விழும்போது கட்டில் லேசாக அதிர்ந்தது. முதலாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஒரு வாரம் மழை. அதன் பிறகு ஒரு காலையில் கீழேயிருந்து அலறல். நடுக் கண்ணாடி குறுக்காக உடைந்திருந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. சுவர் அசைந்தால் மூன்றும்தானே உடைய வேண்டும், ஒன்று மட்டும் எப்படி உடையும் என்று இந்திராதேவி கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக வீதியில் இறங்கினார்.

"சிவசாமியண்ணே, வெளிய வாங்க!"

சிவசாமி கையில் அளவுகோலோடு வந்தார். "என்ன அண்ணி, காலங்காத்தால?"

"கண்ணாடிய ஒடச்சது யாரு?"

"எந்தக் கண்ணாடி?"

"தெரியாத மாதிரி கேளுங்க. நேத்து அந்தப் பக்கம் நின்னு என்னத்த அடிச்சீங்க? எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

"புதுச் சேல வந்துச்சு, தொங்கவிட ஆணி அடிச்சேன். அது வீதிப் பக்கம் அண்ணி. உங்க வெடிப்பு இருக்கிறது பின்னால."

"என் வெடிப்பு எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கதான் பஜார் முழுக்கச் சொல்லியிருக்கீங்களே."

புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டினார். "அக்கா, ராகலைக்கு ஏறுறீங்களா, இல்ல சண்டைய முடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல வாறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. இந்திராதேவி சிரிக்கவில்லை. "நாளைக்குப் பொலிஸ்ல என்ட்ரி போடுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

நான் அப்போது வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் கட்டில் சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில், பழையது வாங்கியது. நான்கு சக்கரத்திலும் உருளாதபடி பிடியைப் போட்டுத்தான் வைப்பேன். ஆனால் போயா நாளுக்குப் பிறகு கட்டில் இருந்த இடத்தில் இருக்கவில்லை. காலையில் பார்த்தால் பின் அறைப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்திருக்கும். முதல் நாள் நான்தான் பிடியைச் சரியாகப் போடவில்லை என்று நினைத்தேன். அடுத்த நாள் இரண்டு முறை சரிபார்த்தேன். அப்படியும் நகர்ந்தது. நோயாளியின் கட்டில் தானாக நகர்ந்தால் அது என் பொறுப்பு. கண்ணாடிச் சண்டை நடந்த அன்று கீழே அடுக்களையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து தரையில் வைத்தேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, பின் அறைக் கதவைப் பார்த்து உருண்டு போய் அங்கேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் மருந்துத் தைலம் அடுப்பில் பொங்கும் வாசனை வந்தது. நான் பழத்தை அப்படியே விட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் இந்திராதேவி மாடிக்கு வந்துவிட்டார்.

சரக்கு அறையின் வாசல்படியில் தனியாக ஒரு எலுமிச்சம்பழம்.

"ஐயோ!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். "செஞ்சிட்டான்! கண்ணாடிய ஒடச்சது போதாதுன்னு செய்வினையும் செஞ்சிட்டான்! மீனம்மாக்கா, தொடாதீங்க! அதத் தாண்டாதீங்க!"

நான் தாண்டிப் போய் எடுத்தேன். "நான்தான் வெச்சேன்."

"நீங்களா?"

"தளம் சாயுது. பாக்குறதுக்கு வெச்சேன்."

அவருடைய முகம் மாறியதை நான் கவனித்தேன். பயம் போய், கண்கள் சுருங்கின. "சிவசாமி உங்களுக்கு என்ன குடுத்தான்?"

"அவரு எனக்கு ஒண்ணும் குடுக்கல. இங்க வாங்க." பழத்தைக் கட்டிலின் காலடியில் வைத்தேன். உருண்டது. அதே கதவுக்கு.

"அந்தப் பழத்துல என்னமோ இருக்கு."

"அப்ப உங்க கையால ஒண்ணு கொண்டாங்க."

இந்திராதேவி கீழே போய், கடைக் கூடையிலிருந்து ஒரு பழத்தைத் தேர்ந்தெடுத்து, முந்தானையில் துடைத்துக் கொண்டுவந்தார். தரையில் வைத்தார். உருண்டது. அதற்கும் திருப்தி இல்லை. டோர்ச் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அது பழத்தைவிட வேகமாக உருண்டு போய்க் கதவில் இடித்தது.

"கட்டிலும் இப்பிடித்தான் போவுது" என்றேன். "அந்த மூட்டைங்க ஏறுன நாள்லருந்து. அந்தப் பாரம் முழுக்க உத்தரத்துல, உத்தரம் அந்தச் சுவத்துல. இந்தக் கட்டில் ஒரு நாள் போய் இடிச்சா ஆளு கீழ விழுவாரு. இந்த வயசுல இடுப்பெலும்பு ஒடைஞ்சா ஒட்டாது. அதப் பாக்குறதுக்குத்தான் நீங்க என்னைய வெச்சிருக்கீங்க."

"நீங்க சபைக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப யாரு சொன்னது? யாரோ சொல்லித்தானே அந்தப் பையன் நேரா பின்சுவத்துக்கு வந்தான்? யாரு சொன்னது?"

"நான்தான்" என்று முதலாளி சொன்னார்.

இருவரும் கட்டிலைப் பார்த்தோம். அவர் பேசுவதைப் புரிந்துகொள்ளப் பழக்கம் வேண்டும். குழறலை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

"நோவு வர்றதுக்கு முன்னால, சபைக்கு வரி கட்டப் போனப்ப சொன்னேன். பின்சுவரு ஒரு மாதிரி இருக்கு, வந்து பாருங்கன்னு. அவங்க இப்பத்தான் வந்திருக்காங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, யாரு சொல்லிக் குடுத்தான்னு கேப்ப." இடது பக்க வாய் மட்டும் சிரித்தது. பிறகு அதுவும் நின்றது. "எனக்குப் பயமா இருக்கு தேவி. மழை பேஞ்சா அந்தச் சுவத்துக்கு அந்தாண்ட தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. நீ கீழ கடைல இருக்க. இவங்க அடுக்களையில இருக்காங்க. நான் மட்டும் இங்க படுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கேன். என்னால எந்திரிச்சு ஓட முடியாது."

"இந்த வீட்ட விட்டு எங்கயும் போக மாட்டேன்னு நீங்கதானே..."

"நான் எப்பச் சொன்னேன்?"

இந்திராதேவி யோசித்தார். எனக்குத் தெரிந்து முதலாளி அப்படிச் சொல்லி நானும் கேட்டதில்லை. இந்திராதேவிக்கும் ஞாபகம் வரவில்லை போலிருந்தது. குனிந்து, கதவடியில் கிடந்த பழத்தையும் பற்றரியையும் எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். அன்று யாரையும் எதுவும் கேட்கவில்லை. நான் கட்டிலை இழுத்து நேராக்கி, சக்கரங்களுக்கு விறகுக்கட்டை முட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அவர் பொலிஸுக்குப் போகவில்லை. சபைக்குப் போன் எடுத்தார். "தம்பி, சாவி கெடைச்சிருச்சு."

பிரதீபன் வந்து படியேறும்போதே கேட்டார். "கனடாவுலருந்து வந்திருச்சாம்மா?"

இந்திராதேவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். பிரதீபன் உள்ளே கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடி மூட்டைகளை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். நடுவில் தளம் தொட்டில் மாதிரித் தொங்கியிருந்தது.

"பாய், தலகாணின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஐயாவோட கட்டில மொதல்ல முன் அறைக்கு மாத்துங்க. இந்த மூட்டைங்க இன்னைக்கே எறங்கணும்."

"கடை மூடுனப்புறம் எறக்குறேன்."

"இப்பவே எறங்கணும்மா."

அது சனிக்கிழமை. தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வந்து பஜார் நிறைந்து கிடந்தது. கொஞ்ச நாளாகக் கடையில் சீனி இல்லை, நல்ல பருப்பு இல்லை என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் இந்திராதேவி. அடுத்த விலையேற்றம் வரட்டும் என்று வைத்திருந்தார். இதை நான் அவருக்காக மறைத்து எழுதப் போவதில்லை. எல்லாக் கடையிலும் நடப்பதுதான் என்றாலும் எல்லாக் கடையிலும் மூட்டை வெளிச்சத்தில் இறங்குவதில்லை. படியில் நின்று கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தார். பிறகு மேலே முன் அறைக்கு வந்து, இடம் மாறிப் படுத்திருந்த கணவரைப் பார்த்தார். முதலாளி ஜன்னல் வழியாக பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்லசாமியக் கூப்புடுங்க" என்றார் என்னிடம்.

மூட்டைகள் தோளில் இறங்கத் தொடங்கின. கடைக்குள் வைக்க பிரதீபன் விடவில்லை. வெளியே, கடை வாசலில் அடுக்கினார்கள். கூட்டம் சேர்ந்தது. முன்னால் நின்றவள் வேலாயி, தோட்டத்துக்காரி, வாயாடி.

"முதலாளியம்மா, முந்தாநாளு சீனி இல்லேன்னீங்களே?"

"இப்பத்தான் வந்துச்சு."

"மாடிலருந்தா? மழையோட சேந்து பேஞ்சுச்சா?"

சிரிப்பு. "அப்ப பருப்பும் அங்கதான் மொளைக்குது போல" என்று பின்னால் ஒரு குரல்.

"எத்தன கிலோ வேணும், சொல்லு" என்றார் இந்திராதேவி.

"எனக்கு வேணாங்க. இல்லேன்னு சொன்ன கடையில வாங்கி எனக்குப் பழக்கமில்ல."

வேலாயி கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அவளோடு இன்னும் நாலைந்து பேர் போனார்கள்.  இந்திராதேவி ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் தையலைத் தடவிப் பார்த்தார், பிரித்துத் தைத்திருக்கிறதா என்று.

தூறல் தொடங்கியது. சிவசாமி தன் கடையிலிருந்து மழைக்கு மூடும் ஒரு பெரிய படங்கைக் கொண்டுவந்து நீட்டினார். "மூடுங்க அண்ணி, நனையுது."

இந்திராதேவி அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "நாளைக்குத் தந்துருவேன்" என்றார். பொலிஸ் பற்றி இருவரும் பேசவில்லை.

மூட்டைகள் இறங்கிய பிறகு அவர் பிரதீபனிடம் வந்தார். "பாரத்த எறக்கியாச்சு. இனி சுவரு அசையாது. பூசிட்டா போதும்தானே?"

"போதாதும்மா. பின் அறையையும் சுவரையும் எடுக்கணும். முன்பக்கம் ரெண்டு அறையும் நிக்கும், அதுக்குத் தூண் குடுத்து வெச்சிக்கலாம். நீங்க இங்கேயே இருக்கலாம். ஆனா அந்தச் சுவரு வேணாம்."

"இவ்வளவு நாள் நின்ன சுவரு."

"நின்னுச்சு."

"நீங்க சொன்னா நான் இடிக்கணுமா? நாளைக்கு அந்த எடத்த யாரு எடுத்துக்குவா? சபையா? பக்கத்துக் கடையா?"

நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று நினைத்தேன். பிரதீபனும் அப்படித்தான் நினைத்திருப்பார். கொத்தனார் ஒருவரை வரச்சொல்லி, படிக்குக் கீழே வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்லை மெதுவாக உருவச் சொன்னார். கல் சத்தமில்லாமல் வந்தது. சுண்ணாம்பு ஈர மாவு மாதிரி கொட்டியது.

"நான் சொல்றத நம்ப வேணாம்மா. கைய விட்டுப் பாருங்க."

இந்திராதேவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினார். ஓட்டைக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது. நின்றார். இன்னும் விட்டார். தோள் சுவரில் முட்டியது. உள்ளே அவருடைய விரல்கள் துழாவுவது தோளில் தெரிந்தது.

"மண்ணு எங்க?" என்று கேட்டார்.

 கையை வெளியே எடுத்தார். தோள் வரைக்கும் சேறும் தண்ணீருமாக இருந்தது, வளையல்கள் சேற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இந்தக் கல்லு நீங்களாப் பாத்துப் புடுங்கினது" என்றார் பிரதீபனிடம். "நான் காட்டுற கல்ல எடுக்கச் சொல்லுங்க."

கொத்தனார் பிரதீபனைப் பார்த்தார். பிரதீபன் தலையசைத்தார். இந்திராதேவி நான்கு அடி தள்ளி, வெடிப்பே இல்லாத இடத்தில், நன்றாக இருந்த ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினார். அதுவும் வந்தது. மறுபடி குந்தி, மறுபடி கையை விட்டார். இந்த முறையும் தோள் முட்டியது. காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நானும் கேட்டேன். மாடியில் படுத்திருந்த மனிதர் எத்தனை மழைக்கு அதைக் கேட்டிருப்பார் என்று இந்திராதேவி நினைத்தாரோ என்னவோ, எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இடிங்க" என்றார்.

பிரதீபன் படியேறப் போனார். "நில்லுங்க தம்பி" என்று கூப்பிட்டார் இந்திராதேவி. "இடிக்கிற கல்லெல்லாம் எங்க போவுது?"

"எங்கயும் போகாதும்மா. உங்க கல்லுதானே."

"அப்ப வாசல்ல அடுக்கச் சொல்லுங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."